புகையிலைப் பசுக்குட்டி

சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டத்துக்குள் வளர்ந்த சுபாஜினிக்குப் புகையிலைக் கன்று என்றால் என்னவென்று ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதனால், ‘விவசாயிகள் மார்கழியில் புகையிலைப் பசுக்குட்டிகளை நடுகின்றனர்’ என்ற வசனம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தாள். பசுக்குட்டிதான்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்து வரும் ஓர் ஆய்விதழின் துணையாசிரியர் அவள். கலியாணக் கார்ட் கொடுத்தால்கூட எழுத்துப்பிழையைச் சிவப்பால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுக்கும் ஆள். கொக்குவிலில் அவள் வீட்டுக்குக் கார்ட் வருவது குறைந்துபோனதற்கு அதுதான் காரணம்.

கட்டுரை, தனியார் கல்வி நிறுவனமொன்றின் விரிவுரையாளர் ஜெயரூபனுடையது. எழுத்துக் களவைப் பிடிக்கும் மென்பொருள் அதில் ஒரு குற்றமும் காணவில்லை. ஆனால் உள்ளே போகப் போக விவசாயிகள் பூச்சரத்தில் தண்ணீர் இறைத்தார்கள், பயிருக்கு மார்பு இட்டார்கள், நேர்காணலுக்கு நதி பேர் வந்தார்கள். யாரோ எழுதியதைச் சொல்மாற்றும் இயந்திரத்தில் போட்டு எடுத்திருக்கிறான் மனுசன். கன்று பசுக்குட்டியாகி, மாலை பூச்சரமாகி, உரம் மார்பாகி, ஆறு நதியாகிவிட்டன.

அவள் சொற்களைப் பழையபடி மாற்றி இணையத்தில் தேடினாள். தர்சினி என்ற மாணவியின் ஆய்வேடு அப்படியே வந்து நின்றது. மேற்பார்வையாளர்: ஜெயரூபன்.

இதைவிட வயிற்றெரிச்சல், கட்டுரைக்கு ஏற்கெனவே கிடைத்திருந்த மதிப்பீடு. ‘பிரசுரிக்கலாம். நடை செழுமை.’ எழுதியவர் முதன்மை ஆசிரியர் தியாகராசா.

“சேர், உந்தக் கட்டுரையை வாசிச்சனீங்களோ?”

“ஓம், மேலோட்டமாய்ப் பாத்தனான். ஏன் பிள்ளை?”

“மாட்டை நட்டிருக்கிறார்.”

தியாகராசா வாசித்தார். காது சிவந்தது. “சரி, பெரிசாக்க வேண்டாம். தெரிஞ்ச பொடியன். அவன்ரை கலியாணத்திலை நான்தான் வாழ்த்துரை. சத்தமில்லாமல் திருப்பி அனுப்புவம்.”

“வேறை இதழுக்குக் குடுப்பார், சேர். அங்கையும் ஆராவது மேலோட்டமாய்ப் பாப்பினம்.”

சுபாஜினி இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளக்கம் கேட்டு ஜெயரூபனுக்கு மின்னஞ்சல் போட்டாள். பதில் தொலைபேசியில் வந்தது.

“மிஸ், அந்தப் பிள்ளைக்கு வழிகாட்டினதே நான்தான். அப்ப அதிலை பாதி என்ரைதானே?”

“எந்தப் பாதி? பசுக்குட்டி நிக்கிற பாதியோ?”

“அது சொல்மாற்றின மென்பொருள் விட்ட பிழை, மிஸ்.”

“மென்பொருள் களவெடுக்கேல்லை. நீங்கள் எடுத்ததை ஒளிச்சுத் தந்தது, அவ்வளவுதான்.”

கட்டுரை நிராகரிக்கப்பட்டது. ஆதாரங்கள் அவருடைய நிறுவனத்துக்குப் போயின. அங்கே விசாரணை தொடங்கி, மேற்பார்வைப் பொறுப்பைப் பறித்தார்கள். இதழிலும் புதிய விதி வந்தது. மதிப்பீட்டாளர் இனி எந்தப் பக்கத்தில் என்ன கண்டார் என்று எழுதவேண்டும். அதில் முதலில் அகப்பட்டுப் புறுபுறுத்தவர் தியாகராசா.

தர்சினிக்கு விஷயத்தைச் சொல்லச் சுபாஜினிக்குத்தான் தயக்கம். அழுவாள் என்று நினைத்து, ஆறுதல் வசனமெல்லாம் ஆயத்தமாக வைத்துக்கொண்டு தொலைபேசி எடுத்தாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அப்ப என்ரை ஆய்வேட்டை ஒருத்தர் திறந்து பாத்திருக்கிறார், மிஸ்! மேற்பார்வை செய்யேக்கை ஒருநாளும் பாக்கேல்லை.”

ஆயத்தம் செய்த வசனம் ஒன்றும் உதவவில்லை. “கட்டுரையாய்ச் சுருக்கி அனுப்பும், பிள்ளை,” என்றாள் சுபாஜினி. “நான் முழுக்க வாசிப்பன்.”