முக்காலியின் உயரம்

இராமலிங்கத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘டெக்னீஷியன்’ என்ற சொல் வந்து உட்கார நாற்பத்து மூன்று வருஷம் பிடித்தது. மலேசியாவில், காப்பாரில் அவன் வீட்டு ஹாலில் அந்தக் கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வருகிறவர்கள் படித்துப் பார்த்து, “பரவால்லையே, சொந்தமா முன்னுக்கு வந்துட்டீங்க” என்பார்கள். மனைவி சீதாலெட்சுமிக்குப் பெருமை தாங்காது. இராமலிங்கம் மட்டும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டியே நாற்காலியைப் போட்டுக்கொள்வான்.

காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன் அவன். மூன்றாம் படிவத் தேர்வில் கணக்கில் வெளுத்து வாங்கினான், மலாய்த் தாளில் கோட்டைவிட்டான். படிப்பு அத்தோடு சரி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரேடியோ கடையில் பத்து வருஷம் ஈயம் வைத்து ஒட்டினான். பிறகு கிள்ளானில் லோரிகளுக்கு ஒயர் இழுத்தான். அதற்கும் பிறகு, மண் வெட்டும் இயந்திரங்கள் வைத்திருந்த ஒரு காண்டிராக்ட் கம்பெனியில் சேர்ந்தான். அங்கே பதிவேட்டில் அவன் ‘பொதுத் தொழிலாளி’. சான்றிதழோடு சின்னப் பயல்கள் வந்தார்கள்; எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்; ஆறே மாதத்தில் அவனை ‘ஏய்’ என்று கூப்பிட்டார்கள். இராமலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்து வந்தவனுக்கும் ஒயரைக் காட்டிக் கொடுத்தான்.

தொண்ணூற்றேழில் கம்பெனி ஒரு புல்டோசருக்கு ஜிபிஎஸ் பெட்டி வாங்கிப் பொருத்தியது. வாங்கிய கையோடு ரிங்கிட்டின் மதிப்பு விழுந்தது. விற்றவர்கள் சிங்கப்பூரிலிருந்து ஓர் ஆளை அனுப்பி இரண்டு நாள் சொல்லிக் கொடுத்ததோடு சரி, அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த இரண்டு நாளும் சொன்னதை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டவன் இராமலிங்கம் ஒருவன்தான்.

“பெட்டிய நீ பாத்துக்க. ஒரு வருஷம் ஒழுங்கா ஓடுனா உனக்கு டெக்னீஷியன் லெட்டர்” என்றார் மேனேஜர்.

அந்தப் பெட்டியின் வேலை ஒன்றும் மந்திரம் இல்லை. புல்டோசரின் அலகு மேல் ஒரு கம்பு, கம்பின் தலையில் ஓர் ஆன்டெனா. அதே மாதிரி இன்னோர் ஆன்டெனா, சைட்டின் மேட்டில், தரையில் பதித்த கான்கிரீட் குறிக்கு நேர் மேலே ஒரு முக்காலியில் நிற்கும். முக்காலி தான் நிற்கும் இடத்தை வைத்துக் கணக்குப் பார்த்து ரேடியோவில் சொல்லும். அதைக் கேட்டு அலகு தானாக ஏறும், இறங்கும்; அதுதான் ‘ஆட்டோ’, அணைத்துவிட்டால் கையால் ஓட்ட வேண்டும். குறியிலிருந்து ஆன்டெனா எத்தனை உயரம் என்று பெட்டியில் முன்கூட்டியே தட்டிவிட வேண்டும். ஒன்று புள்ளி ஆறு இரண்டு மீட்டர். முதல் நாள் சிங்கப்பூர்க்காரன் தட்டிய எண். அதற்குப் பிறகு அதைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை.

சுங்கை பூலோவில் வீடமைப்புக்கு நிலம் சமன் செய்யும் வேலை. அந்தச் செம்மண்ணும் மழையும் எந்தப் பெட்டியையும் ஒரு மாதத்தில் கொன்றிருக்கும். இராமலிங்கம் விடவில்லை. கேபிள் மூட்டுகளில் தண்ணீர் இறங்காமல் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினான். பெட்டிக்குள் குடியேறிய செவ்வெறும்பைத் துரத்தினான். அலகு அதிர்ந்து அதிர்ந்து கம்பின் அடியில் அறுந்த ஒயரை, யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால் விரலால் தடவியே கண்டுபிடித்தான். சொந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட அவன் அப்படிப் பதறியதில்லை என்று சீதாலெட்சுமி சொல்வாள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்கு மெத்தனம் வந்தது. தினமும் காலையில் அலகை ஆபீஸ் பக்கத்தில் உயரம் குறித்து அடித்திருந்த மஞ்சள் முளையின் மேல் வைத்து, திரையில் வரும் எண்ணும் முளையின் எண்ணும் ஒன்றா என்று பார்த்து, அச்சடித்த பாரத்தில் எழுத வேண்டும். இராமலிங்கம் எழுத, சைட் என்ஜினீயர் சிவசம்பு கையெழுத்துப் போட வேண்டும். எட்டு மாதம் ஒரு நாளும் தப்பவில்லை. ஒன்பதாம் மாதம் பாரம் காலையில் பசியாறும் நாசி லெமாக் கடையிலேயே பூர்த்தியானது. சந்தேகம் வரக்கூடாது என்று ஒரு நாள் இரண்டு மில்லிமீட்டர் கூட்டி, ஒரு நாள் ஒரு மில்லிமீட்டர் குறைத்து இராமலிங்கமே எழுதினான். சிவசம்பு டீயை உறிஞ்சிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

தொண்ணூற்றெட்டு செப்டம்பர் கடைசியில் ஆயுத பூஜை வந்தது. சைட்டில் நம் ஆட்கள்தான் அதிகம். புல்டோசரைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டார்கள். ஸ்பானர், சுத்தியல், மண்வெட்டி எல்லாம் சாமி படத்தின் முன் வரிசையாக வந்து உட்கார்ந்தன. இராமலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. அவன் சோற்றுக்கு வழி காட்டும் ஆயுதம் மேட்டில் அநாதையாக நிற்பதா? முக்காலியைக் கழற்றி, கால்களைச் சுருக்கி, துடைத்து, ஆன்டெனாவின் தலையில் சந்தனமும் குங்குமமும் வைத்துப் படத்தின் முன்னால் நிறுத்தினான். சூடம் காட்டியபோது கண்ணில் தண்ணீர்கூட வந்தது. கடிதம் வர மூன்று வாரம்தான் இருந்தது.

மறுநாள் முக்காலியை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். தூக்குக்குண்டு குறியின் நடுப்புள்ளியில் மயிரிழை தப்பாமல் விழுந்தது. ஆனால் கால்களை முன்பு இருந்த அளவுக்கு நீட்டவில்லை. உயரத்தை அளக்கவும் இல்லை. பெட்டியோ அதே ஒன்று புள்ளி ஆறு இரண்டையே நம்பிக்கொண்டிருந்தது.

புல்டோசர் ஓட்டியவர் ஜெயராஜ், ஐம்பத்திரண்டு வயது, இருபத்தைந்து வருஷ அனுபவம். முதல் ஒரு மணி நேரத்திலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

“லிங்கம், கண்ணுக்குப் பள்ளமா தெரியுதுலா. ஒரு சாண் கீழ போற மாதிரி இருக்கு.”

இராமலிங்கம் ஏறிப் பார்த்தான். திரையில் எல்லாம் பச்சை.

“ஸ்கிரீன் ஓகேண்ணே. சேட்டிலைட் ஏழு இருக்கு. உங்க கண்ணு பெருசா, சேட்டிலைட் பெருசா? ஓட்டுங்க.”

ஜெயராஜ் சிரித்தார். “சரி, நீ சொன்னா சரிதான்” என்று ஏறிப்போய் மூன்று நாள் ஓட்டினார்.

நான்காம் நாள் ஆலோசகர் கம்பெனியின் சர்வேயர் வந்து பழைய முறையில் மட்டம் பார்த்தார். வெட்டிய இடம் பூராவும் இருபத்தைந்து சென்டிமீட்டர் கீழே. மறுபடி மண் கொட்டி, அமுக்கி, உருட்ட வேண்டும். மேனேஜர் கத்திய கத்தல் தொழிலாளிகள் தங்கும் கொங்சி வீடு வரை கேட்டது.

இராமலிங்கம் மதியம் பூராவும் தேடினான். அலகின் கம்பை ஆட்டிப் பார்த்தான், உறுதியாக இருந்தது. கேபிளை மாற்றினான், அதே எண். எண்ணெய் வால்வைக் கழற்றிப் பார்த்தான், சுத்தம். எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசியில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினான். குறியிலிருந்து ஆன்டெனா வரை பிடித்தான். ஒன்று புள்ளி மூன்று ஏழு. மறுபடி பிடித்தான், அதேதான். ஆன்டெனாவின் இடுக்கில் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது.

நாடாவைக் கையில் பிடித்தபடியே சிவசம்புவிடம் ஓடினான்; அந்த மட்டில் அவனைக் குறை சொல்ல முடியாது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணத்தாரான சிவசம்பு முப்பது வருஷ என்ஜினீயர், ஒரு வார்த்தை உரத்துப் பேசாதவர். எழுந்து கதவைச் சாத்தினார்.

“இஞ்ச பாரும், இராமலிங்கம். மூண்டு நாள் காலையிலயும் செக் பண்ணினதா நீர் எழுதியிருக்கிறீர். நான் சைன் பண்ணியிருக்கிறன். உண்மையைச் சொன்னா பாரத்தை எடுப்பாங்கள். நீர், நான், பிறகு ஓட்டின ஆள், மூண்டு பேரும் வீட்டுக்கு. இந்த வருஷத்தில வெளியில எங்க வேலை கிடக்கு?”

“அப்ப ஜெயராஜ் அண்ணன் சார்?”

“அவர் ஆட்டோவை ஓஃப் பண்ணிப்போட்டுக் கையால ஓட்டுற ஆள்தானே. எல்லாருக்கும் தெரியும்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உம்மட லெட்டர் ஹெட் ஆபீஸில டைப் அடிச்சுக் கிடக்கு. நான் பார்த்தனான்.”

இராமலிங்கம் மேட்டுக்குத் திரும்பினான். பெட்டியில் எண்ணை மாற்றினால் மாற்றிய தேதி பதிவாகிவிடும். அவனுக்கு அது நன்றாகவே தெரியும். அதனால் எண்ணைத் தொடாமல் முக்காலியின் கால்களை நீட்டி, ஒன்று புள்ளி ஆறு இரண்டுக்குக் கொண்டுவந்து இறுக்கினான். துணியில் எச்சிலைத் தொட்டுக் குங்குமத்தைத் துடைத்தான். அத்தனை மூளையும் அன்றைக்கு இதற்குத்தான் உதவியது.

விசாரணை பத்து நிமிஷம்கூட நடக்கவில்லை. ஜெயராஜ் ஆட்டோவை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டியதாகச் சிவசம்பு சொன்னார். மேனேஜர் அவனைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்.

“பாக்ஸ் ஓகே கா, ராமா?”

“ஓகே, பாஸ்.”

ஜெயராஜ் இராமலிங்கத்தை ஒரு தடவை பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அவரை அன்றே வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

கடிதம் சொன்ன நாளில் வந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெயராஜ் மோட்டார்சைக்கிளில் காப்பாருக்கு வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சு.

“கேள்விப்பட்டேன் லிங்கம். ரொம்ப சந்தோசம்” என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அன்னிக்கு நான் பள்ளமா தெரியுதுன்னு உன்கிட்ட சொன்னத அங்க சொல்லலைலா. உன் லெட்டர் வர்ற நேரம். உன்னையும் எதுக்கு இழுத்து விடணும்?”

இராமலிங்கம் அவரை உட்காரச் சொன்னான். சீதாலெட்சுமி தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“ஒண்ணு கேக்கணும்” என்றார் ஜெயராஜ். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஜெஞ்சாரோம்ல செம்பனைத் தோட்டத்துல மெஷின் ஓட்டக் கூப்புடுறாங்க. நாளைக்குச் சேரலாம். ஆனா எனக்குப் பயமா இருக்கு. நான் ஆட்டோவ அணைச்ச ஞாபகமே இல்ல. சத்தியமா இல்ல. பெட்டியும் ஓகேன்னு நீ சொல்லிட்ட. நீ பொய் சொல்ற ஆள் இல்ல. அப்ப என்னா அர்த்தம்? எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. செஞ்சது மறந்துபோகும். கடைசில எங்க பேர்கூடத் தெரியல. அப்படி ஆளு மெஷின் ஏறுனா கீழ நிக்கிறவன் செத்துப்போவான்லா.”

இராமலிங்கம் ஆரஞ்சுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ நல்லா பாத்தியா? பெட்டில ஒண்ணுமே இல்லியா?”

அப்போது சொல்லியிருக்கலாம். மேனேஜர் இல்லை, சிவசம்பு இல்லை, பாரம் இல்லை. ஒரு மனிதனுக்கு அவன் புத்தியைத் திருப்பிக் கொடுக்க ஒரு வார்த்தை போதும். இராமலிங்கம் அந்த வார்த்தையை நாக்கு நுனி வரை கொண்டுவந்தான். புதிதாகச் சட்டம் போட்ட கடிதம் ஜெயராஜின் தலைக்கு மேலே தொங்கியது.

“ஒண்ணும் இல்லண்ணே” என்றான்.

ஜெயராஜ் மெதுவாகத் தலையாட்டினார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். வாசலில் போய்ச் செருப்பைப் போட்டவர், போட்டுவிட்டோமா என்று குனிந்து பார்த்தார்.

ஜெஞ்சாரோம் வேலைக்கு அவர் போகவில்லை. அதற்குப் பிறகு எந்த மெஷினிலும் ஏறவில்லை. காப்பார் சாலையில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை கிடைத்தது. கேட்டைத் திறப்பது, மூடுவது. இராமலிங்கம் தினமும் வேலைக்குப் போகும் வழி அதுதான். முதல் சில மாதம் வேறு வழியாகச் சுற்றிப் போனான். பிறகு அலுத்துப்போய்த் தலையைக் குனிந்துகொண்டு அந்த வழியாகவே போனான்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் ஜெயராஜ் சாலைக்கே வந்து கையைக் காட்டி அவனை நிறுத்தினார். ஆள் மெலிந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

“பாரு லிங்கம். அன்னிக்கு நீ சொன்னதுலேர்ந்து எல்லாத்தையும் எழுதி வெக்கிறேன். ஒரு நாள் விடல.”

இராமலிங்கம் பக்கத்தைப் புரட்டினான். கோணல்மாணலான எழுத்து. ‘ஏழு ஐந்து, கேட் திறந்தேன். ஏழு ஆறு, திறந்தது உண்மைதானா என்று போய்ப் பார்த்தேன். ஏழு எட்டு, மறுபடி பார்த்தேன்.’ பக்கம் பக்கமாக அதேதான். ஓர் எண்கூடக் கூட்டி எழுதியது இல்லை, குறைத்து எழுதியது இல்லை.

“எல்லாம் கரெக்டாத்தான் இருக்குன்னு நெனைக்கிறேன். ஆனா என் நெனப்ப நான் எப்படி நம்புறது?” ஜெயராஜ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். “நீ பாத்துட்டு ஒரு கையெழுத்து போட்டுக் குடு. நீ டெக்னீஷியன்லா.”

பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. இராமலிங்கம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.