ஆட்டு வாசமில்லாத சட்டை

ஹர்கெய்சா நகரத்தில் அர்தோவுக்குப் பிடித்த உன்ஸி சாம்பிராணி ஒன்றே ஒன்றுதான், அது அவளே கிண்டியது. மற்றவர்கள் வீட்டுப் புகையைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். "அது கொசு விரட்டத்தான் ஆகும்" என்பாள். சொல்லட்டுமே, தகுதி இருந்தது. குந்திரிக்கத்தை இடித்து, சந்தனச் சீவலும் கிராம்பும் பொடித்துச் சேர்த்து, சர்க்கரைப் பாகில் போட்டு அவள் கிண்டினால், ஒரு பொட்டுக்கூடக் கருகாது. ஆறியதும் விரலால் உதிர்த்துத் தகர டப்பாவில் அடைத்துவைப்பாள். அந்தத் தெருவில் அவள் டப்பா இல்லாமல் எந்த மணப்பெண்ணும் புருஷன் வீட்டுக்குப் போனதில்லை.

இவ்வளவு கைமணம் உள்ளவளுக்கு வாய்த்தவன் குலேத். ஆட்டுச் சந்தையில் தரகன். இருபத்திரண்டு வருஷமாக அவன் சட்டையையும் கைலியையும் மூங்கில் கூடைமேல் விரித்து, அடியில் கனல் வைத்து, புகை ஏற்றித்தான் அவனை வெளியே அனுப்பினாள். இல்லாவிட்டால் அவனை எந்த மனுஷன் பக்கத்தில் சேர்ப்பான்? ஒரு நாளாவது "நல்லா இருக்கு அர்தோ" என்று வாய் திறந்திருப்பானா அந்த மகராசன்! அந்த ஒரு சொல்லுக்காக அவள் உள்ளுக்குள் ஏங்கியது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ரமலானுக்கு முந்தின மாதம் அவனே வந்து கேட்டான்.

"புராவ் ஊர்ல என் கூட்டாளி ஒருத்தன் கல்யாணம் பண்றான். பொண்ணுக்குத் தாய் இல்ல. ஒரு டப்பா கிண்டிக் குடேன்."

தாய் இல்லாத பெண் என்றதும் அர்தோவுக்கு மனசு இளகிவிட்டது. யாருக்கும் போடாத ஜாதிபத்திரியை அன்று ஒரு கைப்பிடி போட்டாள். டப்பாவை மூடும்போது அந்தப் பெண் நன்றாக வாழட்டும் என்று துஆவும் செய்தாள். அதுதான் அவள் செய்த முட்டாள்தனம்.

கல்யாணத்துக்கென்று புராவ் போனவன் திரும்பிவந்த சூட்டிலேயே, அங்கே சந்தை வேலை என்று மறுபடி கிளம்பினான். நாலு நாள் கழித்து ஒரு காலையில் வந்து பாயில் சாய்ந்தான்.

"டீ போடு. நாலு நாளா ஆட்டுக்கூட்டத்துல கெடந்து இடுப்பே போச்சு."

அர்தோ கோப்பையை நீட்டக் குனிந்தாள். ஆட்டு வாசம் துளியும் இல்லை. கழுத்துப்பட்டியிலிருந்து ஜாதிபத்திரி மணந்தது.

"புராவ் ஆடெல்லாம் இப்ப உன்ஸி போட்டுக்குதா?"

"என்னது?"

"உன் சட்டைய மோந்து பாரு."

குலேத் மோந்து பார்த்தான். திருதிருவென்று முழித்தான். "கூட்டாளி வீட்டுலதான தங்கினேன். அங்க போட்ட புகை."

"மணப்பொண்ணு டப்பாவ விருந்தாளிக்கா திறப்பாங்க? அவ தலைமுடிக்கும் அவ புருஷன் துணிக்கும்தான் அது. யாருகிட்ட காது குத்துற?"

இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் ஐயாவுக்கு வீரம் வந்துவிட்டது. "சரி, பண்ணிக்கிட்டேன். பேரு ஃபில்சன். மார்க்கத்துல இடம் இருக்கு."

"இருக்கட்டும். அவளுக்கு என்னையே கிண்டச் சொல்லலாம்னும் அதுல இருக்கா?"

"பின்ன யாருகிட்டப் போறது? இந்த ஊர்ல உன்ன மாதிரி யாரு கிண்டுறா?"

அப்பாவியாகத்தான் சொன்னான், கழுதை. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த சொல் இந்த லட்சணத்தில் வந்து விழுந்தது. அர்தோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவன் முன்னால் அழுவதா? அவன் துணிகளை அள்ளி மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்தாள்.

"கிளம்பு. அவளே இனி துவைக்கட்டும்."

மறுநாள் எதிர்வீட்டு ஷம்ஸோ ஒரு தகர டப்பாவோடு வந்தாள். அர்தோவின் டப்பாவேதான். வெறும் டப்பாவைத் திருப்பித் தரக்கூடாது என்று உள்ளே அல்வா வைத்திருந்தது.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஃபில்சன் குடுத்துவிட்டா. உன் தெருப்பேரு சொல்லி விசாரிச்சு, சந்தையில என்னைப் பிடிச்சா" என்றாள் ஷம்ஸோ. புராவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நடந்தால் அரை மணி நேரம்!

"என்ன சொன்னா?"

"அக்கா மனசார சம்மதிச்சு, தன் கையால கிண்டிக் குடுத்தாங்களாமேன்னா. தாய் இருந்தாக்கூட இப்படிச் செய்யமாட்டாங்களாம். உனக்கு சலாம் சொல்லச் சொன்னா."

ஆக, அந்தப் பெண்ணையும் ஏமாற்றித்தான் கட்டியிருக்கிறான். அர்தோ ஒரு துண்டு அல்வாவை வாயில் போட்டாள். நன்றாகவே இருந்தது, அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஷம்ஸோ, இருந்து டீ குடி. சாயங்காலம் இந்த டப்பாவ அவகிட்டயே கொண்டுபோய்க் குடுக்கணும்."

அடுப்பை மூட்டிப் பாகு வைத்தாள். ஜாதிபத்திரி இருந்ததையெல்லாம் கொட்டினாள். ஆறவைத்து, உதிர்த்து, டப்பாவை விளிம்புவரை நிரப்பினாள்.

"அவகிட்டச் சொல்லு. என்னை யாரும் சம்மதம் கேக்கல. டப்பாவ நான் அவளுக்குன்னு குடுக்கல, யாரோ தாயில்லாப் பொண்ணுக்குன்னு ஏமாந்து கிண்டினேன். இது நான் தெரிஞ்சே அவளுக்குக் குடுக்கிறது. அவ தலைக்குப் போட்டுக்கட்டும். அவன் துணிக்கு ஒரு பொட்டு போட்டாலும் அடுத்த டப்பா கிடையாது."

ஷம்ஸோ ஒரு சொல் விடாமல் போய்ச் சொன்னாள். ஃபில்சன் வெகுநேரம் அழுதாளாம். பிறகு டப்பாவை வாங்கித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாளாம்.

வெள்ளிக்கிழமை குலேத் தொழுகைக்கு வந்தான். வரிசையில் அவனுக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார்கள். இரண்டு பெண்டாட்டி கட்டியவன்மேல் ஆட்டு வாசம்தான் அடித்தது.