மூக்கு ரேகை

பென்னாகரத்திலிருந்து காட்டுப் பக்கம் போகும் சாலையில் சாலம்மாள் வருவது அவருடைய மொபெட் சத்தத்திலேயே தெரிந்துவிடும். சைலன்சர் ஓட்டையாகி இரண்டு வருஷமாகிறது. மாற்ற நேரமில்லை என்பார். அவருக்கு வயது நாற்பத்து மூன்று. பதினோரு வருஷம் பால் சொசைட்டியில் பால் டெஸ்ட் பண்ணியவர். அங்கே மெஷின் வந்து ஆள் குறைத்தபோது, ஒரு வாரம் வீட்டில் இருந்து பார்த்தார். எட்டாம் நாள் தருமபுரியில் ஏதோ பயிற்சி என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிவிட்டார்.

பயிற்சி கொடுத்தது தஸ்லீம். தருமபுரியில் பிறந்து பெங்களூரில் வேலை பார்க்கும் இன்ஜினியர் பெண். அவருடைய சாஃப்ட்வேர் கம்பெனி, ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, நாட்டு மாடுகளைக் காக்கும் ஒரு அறக்கட்டளை, கர்நாடகத்து மாடு வளர்ப்போர் சங்கம் ஒன்று ஆகிய நான்கும் சேர்ந்து ஆலம்பாடி என்ற அந்தப் பக்கத்து நாட்டு மாடுகளுக்கு ஒரு பதிவேடு தொடங்கியிருந்தன. பிளாக்செயின் என்று பேர். எந்த மாடு யாருடையது, அதன் தாய் எது, தகப்பன் எது என்பதெல்லாம் அதில் ஏறும். நான்கு பேரிடமும் அதே பதிவேடு இருக்கும். ஒரு முறை ஏறியதை யாரும் தனியாக மாற்ற முடியாது. அடையாளத்துக்கு மாட்டின் மூக்கைப் படம் எடுக்க வேண்டும். நமக்குக் கைரேகை மாதிரி அதற்கு மூக்கில் கோடுகள் உண்டு. ஒன்றைப் போல ஒன்று இருக்காது.

பெங்களூரில் அது சரியாக வேலை செய்தது. பென்னாகரத்துக் காட்டில் செய்யவில்லை. மாடு நிமிஷத்துக்கு நாலு தரம் மூக்கை நக்கும். ஈரத்தில் படம் பளபளவென்று விழுந்து கோடு தெரியாமல் போகும். முதல் பத்து நாளில், பயிற்சி முடித்துப் படம் எடுக்கப் போன மற்ற ஊழியர்கள் எல்லாரும் விட்டுவிட்டார்கள். சாலம்மாள் மட்டும் உப்பும் புளியும் பிசைந்து உருண்டை பிடித்துக்கொண்டு போனார். உருண்டை வாயில் இருக்கும்வரை மாட்டின் நாக்கு வெளியே வராது. அந்த நேரத்தில் பழைய வேட்டித் துணியால் மூக்கைத் துடைத்துப் படம் எடுத்துவிடுவார்.

"சாலம்மாக்கா, இதை நாங்க ஆறு மாசமா யோசிச்சோம்" என்றார் தஸ்லீம் போனில்.

"மாடு வெச்சிருந்தா ஆறு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்" என்றார் சாலம்மாள்.

மாடு வழிக்கு வந்தது. மாட்டுக்காரர்கள் வரவில்லை. காட்டோரத்தில் பெரிய பட்டி நஞ்சப்பனுடையது, அறுபது உருப்படி. முதல் தடவை போனபோது அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார். இரண்டாம் தடவை, "எம் மாட்டை எண்ணி யாருக்குச் சொல்லப் போற?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். மூன்றாம் தடவை அவர் மனைவி ரோசம்மாள் மோர் கொடுத்து உட்கார வைத்தார். சாலம்மாள் பொறுமையாகச் சொன்னார்.

"அண்ணா, உங்க கல்யாணத்துக்கு எத்தனை பேரு வந்தாங்க?"

"வந்திருப்பாங்க, ஐந்நூறு பேரு."

"நாளைக்கு எவனாவது வந்து ரோசக்காவுக்கும் உங்களுக்கும் கல்யாணமே நடக்கலன்னு சொன்னா? ஒருத்தர் வாயை அடைக்கலாம். ஐந்நூறு பேரு வாயை அடைக்க முடியுங்களா? இந்த நோட்டும் அப்படித்தாங்க. ஒரே சமயத்துல எல்லாரும் பாத்துட்டாங்க. ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா அவர் அழிச்சுடுவாரு. எல்லார்கிட்டயும் இருக்கு."

நஞ்சப்பன் மனைவியைப் பார்த்தார். ரோசம்மாள் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்ப் பட்டியிலிருந்து கரியனைப் பிடித்துவந்தார். பட்டியிலேயே சிறந்த காளை அது. கழுத்தும் திமிலும் கறுத்து, கொம்பு நேராக மேலே போயிருக்கும். அன்று ஆகஸ்ட் ஏழாம் தேதி. சாட்சி இடத்தில் ரோசம்மாள் பெயர் ஏறியது.

மறு வருஷம் தை மாசம் கரியனைக் காணவில்லை. மேயப்போன மாடுகள் எல்லாம் சாயங்காலம் திரும்பின. அது மட்டும் வரவில்லை. சிறுத்தை அடித்திருக்கும் என்று இரண்டு நாள் தேடினார்கள். ரத்தமும் இல்லை, எலும்பும் இல்லை. வண்டித்தடம்தான் இருந்தது. போலீசில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்த நஞ்சப்பன் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார். "படம் எடுத்தியே, அதை வெச்சு என்ன பண்றது?" என்று ஒரு நாள் கேட்டார். சாலம்மாள் அந்தக் கேள்வியோடுதான் பல நாள் வண்டி ஓட்டினார்.

இருபத்திரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு எதிரே சாலம்மாள் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது தஸ்லீமிடமிருந்து போன் வந்தது. ஓசூருக்கு அப்பால், கர்நாடகத்துச் சந்தை ஒன்றில் ஒரு காளையை விற்பதற்காகப் புதிதாகப் பதிய முயன்றிருக்கிறார்கள். பதிவேடு ஏற்க மறுத்துவிட்டது. 'இந்த மாடு ஏற்கெனவே உள்ளது. உரிமையாளர்: நஞ்சப்பன்' என்று செய்தி வந்திருந்தது.

மறுநாள் விடியும்போதே சாலம்மாளும் நஞ்சப்பனும் பஸ் ஏறினார்கள். மாரண்டஹள்ளி தாண்டியதும் நஞ்சப்பன், "அது கரியனா இல்லாமப் போனா?" என்றார். அதே பயம் சாலம்மாளுக்கும் இருந்தது. கரியனைப் பதிந்த அன்று மழை மேகம்; வெளிச்சம் போதாமல் எடுத்த படம் அது.

சந்தையில் சங்கத்து எழுத்தர் ருத்ரப்பா காளையைத் தனிக் கொட்டகையில் கட்டிவைத்திருந்தார். கொம்பு நுனி சீவப்பட்டிருந்தது. காதிலிருந்த அடையாளத் தோட்டை அறுத்துவிட்டு வேறு போட்டிருந்தார்கள். தொடையில் புதிதாகச் சூடு. விற்க வந்தவர் வெள்ளைச் சட்டைக்காரர். கையில் ரசீது, மருத்துவச் சான்று எல்லாம் வைத்திருந்தார்.

"எல்லாம் சுள்ளு, பொய்" என்றார் அவர் கன்னடத்தில். "அந்தம்மா மாட்டுக்காரனுக்கு வேண்டப்பட்டவங்க. போன்ல இருக்கற படத்தை நேத்துக்கூட எடுத்திருக்கலாம். தேதியை மாத்தறது பெரிய வேலையா?"

சுற்றி நின்றவர்கள் சாலம்மாளைப் பார்த்தார்கள். அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எல்லைப் பக்கம் வளர்ந்தவர், கன்னடம் நன்றாக வரும்.

"என் போனை நம்பாதீங்க. நான் பொய் சொல்றேன்னே வெச்சுக்கங்க. உங்க சங்கத்துக் கம்ப்யூட்டர்லயும் அதே நோட்டு இருக்கு. அதை நான் தொட்டதில்ல. இந்த ஊருக்கே இன்னைக்குத்தான் வரேன். அதைத் திறந்து பாருங்க."

ருத்ரப்பா திறந்தார். ஆகஸ்ட் ஏழு. கரியனின் மூக்கு, கொட்டகையில் நின்ற காளையின் அதே கோடுகள். சாட்சி ரோசம்மாள். பிறகு அவரே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அறக்கட்டளைக்கும் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். ஒருவர் சென்னையிலிருந்து படித்தார், ஒருவர் மைசூரிலிருந்து. இருவரும் வாசித்தது ஒரே தேதி, ஒரே பதிவு எண், ஒரே பெயர்.

வெள்ளைச் சட்டைக்காரர் ரசீதை மடித்துப் பையில் வைத்தார். வெளியே போகத் திரும்பியபோது சந்தைக்காரர்கள் நாலு பேர் வாசலில் நின்றார்கள். போலீஸ் வந்து கூட்டிப்போனது.

நஞ்சப்பன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. கொட்டகைக்குள் போய்க் காளையின் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். "இளைச்சுட்டான்" என்றார்.  சாலம்மாள் பையிலிருந்து ஒரு உப்புப்புளி உருண்டையை எடுத்து அதன் வாயில் கொடுத்தார். 

கரியன் வேனில் பென்னாகரம் வந்து இறங்கியபோது கடைத்தெருவே வெளியே வந்து நின்றது. யாரோ மாலை போட்டார்கள், காளை அதைத் தின்றுவிட்டது. மறுநாள் காலை சாலம்மாள் கதவைத் திறந்தால் வாசலில் பதினேழு மாட்டுக்காரர்கள். ஒருவர் ஏரியூரிலிருந்து நடந்தே வந்திருந்தார். "எங்க பட்டிக்கு எப்ப வர்றீங்க?" என்பதுதான் எல்லார் கேள்வியும். அந்தக் கோடைக்குள் ஆயிரத்து நூறு மாடுகள் பதிவேட்டில் ஏறின.

ஜூனில் பெங்களூரில் நான்கு தரப்பும் கூடின. சாலம்மாளைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்தி, பேசச் சொன்னார்கள். அவர் எழுதிக்கொண்டு போகவில்லை.

"கர்நாடகத்துச் சங்கத்துக்கிட்ட ஒரு நோட்டு இருந்ததாலதான் அன்னைக்கு ஜெயிச்சோம். எங்க பக்கத்துல மாடு மேய்க்கறவங்ககிட்ட அது இல்ல. எங்க மாட்டைப் பத்தின நோட்டு எங்ககிட்டயும் ஒண்ணு இருக்கணுங்க. முடிவு பண்ண எங்களுக்கும் ஒரு கை வேணும்."

 தஸ்லீம்தான் முதலில் கை தூக்கினார். பிறகு ருத்ரப்பா. அன்றே முடிவானது: பென்னாகரத்து மாட்டுக்காரர்கள் தொடங்கும் சங்கம் ஐந்தாவது பங்காளி.

ஆவணியில், பதிவேடு இருக்கும் மெஷின் வந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான். சங்கத்துக்காக வாடகைக்கு எடுத்த அறையில், ஜன்னலோரம் ஒரு மேசைமேல் வைத்து ஒயரைச் செருகினார் தஸ்லீம். எழுபது பேர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே நெருக்கியடித்து நின்றார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் எல்லார் பேரும் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கியது. தன் பேர் வந்தவர் அடுத்தவரை இடித்துக் காட்டினார்.

"இவ்ளோதானா?" என்றார் நஞ்சப்பன்.

"இவ்ளோதாங்க அண்ணா" என்றார் சாலம்மாள். "இனிமே உங்களைக் கேக்காம யாரும் ஒரு எழுத்து மாத்த முடியாது."

ரோசம்மாள் பெரிய பாத்திரம் நிறையக் கேசரி கொண்டுவந்திருந்தார். மெஷின் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று சொல்லி, அதை வராந்தாவுக்கு எடுத்துப்போய் எல்லாருக்கும் அவரே வைத்தார்.