மடக்கைப் பாடம்

மடக்கை எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஓ.எல். என்கிற சாதாரண தரச் சோதனையில் கணிதத்தை மூன்றாம் தடவைதான் தாண்டினேன். அதுவும் விளிம்பில் தொங்குகிற ‘எஸ்’ சித்தி, பாஸிலேயே கடைசிப் படி. பெறுபேறு வந்த அன்று வீட்டில் யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. இந்த மேதைதான் பிறகு இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியன் ஆனான்.

உண்மையில் என்னைத் தமிழ் படிப்பிக்கத்தான் அனுப்பினார்கள். கணிதத்துக்கு ஆளே இல்லை. ஓ.எல்.லில் கணிதம் பாஸா என்று பாடசாலை அதிபர் கேட்டார். பாஸ் என்றேன். எத்தனையாம் தடவை என்று அவர் கேட்கவில்லை. நானோ அடக்கமானவன், அதையெல்லாம் சொல்லிக்கொள்ளவில்லை.

பத்தாம் வகுப்பில் மடக்கை வந்தது. பெரிய பெருக்கலை அட்டவணை பார்த்துச் சின்னக் கூட்டலாக மாற்றுகிற பாடம். புத்தகத்தை மூன்று தரம் வாசித்தேன்; அதற்கு என்மேல் இரக்கம் வரவில்லை. வகுப்பில் போய் நின்றேன்.

“மடக்கைன்னா என்னா? கைய மடக்கிக்கிட்டு சும்மா இருக்கிறது. எங்க, எல்லாரும் மடக்குங்க பாப்போம்.”

இருபத்து மூன்று பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிட்டேன். இதெல்லாம் சோதனைக்கு வராது என்றும் சொல்லிவைத்தேன். வந்தது.

அந்த வகுப்பில் முன் வாங்கில் இருந்த ஒருத்தியைப் போன மாதம் மாத்தளையில், இரத்தோட்டை பஸ்ஸுக்குள் கண்டேன். பக்கத்தில் இடம் தந்தாள். எட்டு வருஷமாகக் கார்மெண்டில் மெஷின் ஓட்டுகிறாள். மெஷின் போடுகிற சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்வாளாம். ஆள் ஒன்று குறைந்தால் மணித்தியாலத்துக்கு எத்தனை உருப்படி குறையும் என்பது அவளுக்கு மனக்கணக்கு. அவளுடைய தையல் லைனுக்கு ஒரு சூப்பர்வைசர் தேவைப்பட்டபோது விண்ணப்பத்தில் கணிதச் சித்தி கேட்டார்கள். இவளிடம் இருந்ததோ சித்தியில்லை என்கிற ‘டபிள்யூ’. வேலை, டவுன் பாடசாலையில் படித்து வந்த ஒரு பெண்ணுக்குப் போயிற்று. அந்தப் பெண்ணுக்கு மெஷினில் நூல் கோக்கப் பழக்கியதே இவள்தான்.

“இன்னொரு லைன் தொறக்கப் போறாங்க சேர். அதுக்குள்ள பாஸ் பண்ணிறணும். பிரைவேட்டா எழுதப் போறேன்” என்றாள். இதை விட்டால் கண் பார்வை போகும்வரை அந்த மெஷின்தான் என்றும் சொன்னாள்.

போன தடவை சோதனையில் எது பிழைத்துப்போனது என்று கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான்.

“பேப்பர்ல மடக்கையப் பாத்தேன். சிரிப்புத்தான் சேர் வந்துச்சு.”

குத்திச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? டவுனில் அந்த ஒரு பாடசாலையில் மட்டும் கணிதத்துக்கு மூன்று பட்டதாரிகள். மலைக்கு மேலே நான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது போதும் என்று எந்த மேசையில் இருந்து யார் முடிவு செய்தார்? அவருடைய பிள்ளையை என்னிடம் அனுப்பியிருப்பாரா? எட்டு வருஷம் அவளுடைய கைவேலையைப் பார்த்துக்கொண்டிருந்த கம்பனிக்குக் கண் எதற்கு, காகிதத்தைத்தான் நம்புவதென்றால்?

பிறகு நான். எனக்கு இது தெரியாது சேர் என்று அதிபரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கப்பட்டேன். வெட்கத்தை மறைக்கக் கோமாளியானேன். பிள்ளைகளுக்குப் பிடித்த சேர் என்று பெயர் வேறு வாங்கினேன். தொங்கிக்கொண்டு வந்த என் எஸ் எனக்கு நிரந்தர வேலை தந்தது, வயது போனால் பென்ஷனும் தரும். நான் கற்றுக்கொடுத்த டபிள்யூ அவளை மெஷினோடு சேர்த்துத் தைத்துவிட்டது. நான் அடித்த ஜோக்குகளிலேயே இவ்வளவு நீளமாக ஓடியது இது ஒன்றுதான்.

அவள் இறங்கும் இடம் நெருங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சொல்லித் தருகிறேன், காசு வேண்டாம், தெரியாததை நானும் படித்துக்கொண்டே வருகிறேன் என்றேன். அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“நான் வேற ஆள்கிட்ட படிக்கிறேன் சேர்.”