நாற்பதாவது வீடு

மங்கையக்கா ஒரு சண்டைக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பின்னால் நான் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லும்போது ஜால்ரா அடிக்கிறேன் என்பீர்கள். எங்கள் அலுவலகத்துக்கு முதல் தடவை வந்தபோது, நான் காட்டிய நாற்காலியில் உட்காராமல், ஒரு பருத்த நோட்டை மேஜைமேல் போட்டார்.

"உங்க கணக்குல எங்க குப்பத்துல ஆயிரம் பேரக் காணோம் சார். இன்னா பண்ணீங்க, கடல்ல தள்ளிட்டீங்களா?"

நான் சங்கரநாராயணன், புள்ளியியல் பிரிவில் உதவியாளன். அப்பாவுக்கு ராயபுரத்தில் மொத்த மளிகைக் கடை, பூர்வீகம் திருச்செந்தூர்ப் பக்கம். "கடையில உக்காந்து மூட்டைய எண்ணுனா நாலு காசு பாக்கலாம், ஊரான் தலைய எண்ணி என்னல ஆவப்போவுது?" என்பது அவர் எனக்குத் தினமும் செய்யும் அர்ச்சனை. உண்மையில் நான் தலையைக்கூட எண்ணுவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து மதிப்பிடுகிறேன்.

கடைசியாக ஆள் வைத்து எண்ணியது 2011-இல். அடுத்த கணக்கெடுப்பு இப்போதுதான் வரப்போகிறது. நடுவில் ஒரு ஊரில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், பழைய எண்ணோடு பிறந்தவர்களைக் கூட்டி, இறந்தவர்களைக் கழித்து, குடிவந்தவர்களைக் கூட்டி, குடிபோனவர்களைக் கழித்துச் சொல்வோம். பிறப்பும் இறப்பும் பதிவாகிவிடும். வீடு மாறுகிறவன் யாரிடம் வந்து சொல்கிறான்? அதனால் ரேஷன் கார்டில் முகவரி மாற்றியவர்களை வைத்து அதைக் கண்டுபிடிக்கிறோம். மோசமான வழி இல்லை. பல ஊர்களில் சரியாகவே வந்திருக்கிறது.

எண்ணூருக்கு வடக்கே ஆலமேட்டுக்குப்பத்துக்கு இந்த வழியில் வந்த எண் 4,310. மங்கையக்காவின் நோட்டில் இருந்தது 5,386.

அவர் அந்தக் குப்பத்துச் சுகாதார நிலையத்தின் களப்பணியாளர். நிலையம் என்றால் இரண்டு அறை, ஒரு நர்ஸ், வாரம் இரண்டு நாள் டாக்டர். பத்தாவது படித்தவர், பதினாலு வருஷ வேலை. கணவர் தேசப்பன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறார். வருஷா வருஷம் தை பிறந்ததும் அக்கா நோட்டோடு வீடு வீடாக ஏறிவிடுவார். எத்தனை பேர் என்று கேட்கவே மாட்டார். "எத்தினி ஆழாக்கு அரிசி போடுற?" என்பார். தலைக்கணக்கில் பொய் சொல்கிறவர்கள் அரிசிக் கணக்கில் சொல்வதில்லையாம். இதைக் கேட்டு நான் சிரித்தேன். பிறகு அவருடைய பிரசவக் கணக்கைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. அதன் பிறகு சிரிக்கவில்லை.

மக்கள்தொகை ஐயாயிரத்துக்குக் கீழே இருந்தால் நிலையத்தை மூடி மணலி புதுநகர் நிலையத்தோடு சேர்த்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். நடுவில் ரயில்வே கேட், கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டேங்கர் லாரி வரிசை. அக்காவின் மருமகள் சௌமியாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம், ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. வாரம் தவறாமல் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அத்தினி தூரம் அது எப்டி சார் போவும்?" என்று கேட்டபோது மட்டும் அவர் குரல் இறங்கியது.

அவருடைய சண்டைக்கு மேலிடம் ஒரு படி இறங்கி வந்தது. மாதிரிக்கு நாற்பது வீடு பார்க்கச் சொன்னார்கள். குப்பத்தில் 1,080 வீடு. குலுக்கலில் எடுக்கும் ஒவ்வொரு வீடும் இருபத்தேழு வீட்டுக்குச் சமம். நாற்பது வீட்டில் நூற்று எண்பத்தாறு பேர் இருந்தால் ஐயாயிரத்தைத் தாண்டிவிடும். இதைச் சொன்னதும் அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "இருநூறே வரும், போலாம் வாங்க" என்றார்.

மூன்றாவது வீட்டிலேயே விழுந்தது அடி. விமல் என்ற போட்காரரின் வீடு. வாசலில் அவர் மனைவி அம்மு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கொடியில் இரண்டு பள்ளிச் சீருடை காய்ந்தது. விமலின் அம்மா என்னிடம், "நானும் எங்க வூட்டுக்காரரும்தான் சார். இதுங்க விருந்தாளி, புதுநகர்லேர்ந்து வந்துகீதுங்க" என்றார்.

விருந்தாளியை மீன் ஆய எந்த ஊரில் விடுகிறார்கள்? நான் மங்கையக்காவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னார். சில வருஷங்களுக்கு முன்னால் கடலில் கழிவு கலந்து இரண்டு மாதம் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. நிவாரணம் கார்டுக்கு ஒன்று என்று வந்தது. ஒரே வீட்டில் அப்பா, இரண்டு மகன், மூன்று அடுப்பு, ஆனால் ஒரே கார்டு. தனிக் கார்டு வேண்டுமென்றால் தனி முகவரி கேட்டார்கள். குப்பத்தில் தனி வீட்டுக்கு இடம் எங்கே? மகன்களெல்லாம் மணலி புதுநகரில் இருக்கும் சொந்தக்காரர்கள் முகவரியைக் கொடுத்துக் கார்டு வாங்கினார்கள். இருநூற்று அறுபது குடும்பம்.

"அல்லாத்துக்கும் நான்தான் சார் மனு எய்திக் குடுத்தேன். புள்ளைங்க பட்டினி கெடந்துதுங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். காணாமல் போன ஆயிரம் பேரும் அக்காவின் கையெழுத்தில்தான் மணலி புதுநகருக்குக் குடிபோயிருந்தார்கள். அவருடைய நாத்தனார் யசோதராவின் இரண்டு அறை வீட்டில் மட்டும் பத்தொன்பது குடும்பம் இருப்பதாக எங்கள் கணினி நம்பிக்கொண்டிருந்தது. ரேஷன் கார்டை வைத்துத்தான் கழித்தோம் என்று நான் விளக்கியபோது அக்கா குந்தி உட்கார்ந்துவிட்டார். அதுவரை அவருக்கு இது தெரியாது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கினேன்.

இங்கே சொல்வது கார்டு ஆபீஸுக்குப் போகாது, சட்டமே இருக்கிறது என்று வீட்டுக்கு வீடு சொன்னேன். விமலின் அம்மா, "எய்துறது அல்லாம் எங்கனா போய்த்தான் சார் சேரும்" என்றார். அதை மறுக்க எனக்குத் தைரியம் போதவில்லை. சிலர் அக்காவுக்காக உண்மையைச் சொன்னார்கள். யசோதரா முகவரியில் இருந்தவர்கள் மட்டும் வாயே திறக்கவில்லை. அத்தனை பேருக்கும் ஒரே கதவு எண். ஒருவர் மாட்டினால் பத்தொன்பது கார்டும் போகும்.

முப்பத்தொன்பது வீடு முடிந்தபோது நூற்று எண்பத்து மூன்று. என் கணக்கோடு அக்காவும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தார். இன்னும் மூன்று பேர் போதும். நாற்பதாவது, மங்கையக்காவின் சொந்த வீடு. குலுக்கல் அப்படி விழுந்திருந்தது.

கதவு திறந்திருந்தது. தேசப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார். மகன் நிதிஷ் போனைச் சார்ஜில் போட்டான். வீங்கிய பாதத்தைத் தலையணைமேல் தூக்கிவைத்துச் சௌமியா படுத்திருந்தாள். அக்காவோடு சேர்த்து நாலு பேர். தெருவே எங்கள் பின்னால் வந்து நின்றது. அம்மு நின்றாள், விமலின் அம்மா நின்றார். நிதிஷின் கார்டும் யசோதரா முகவரியில்தான் இருக்கிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"இந்த வீட்டில் வழக்கமாக எத்தனை பேர் இருக்கீங்க அக்கா?" என்றேன். மற்ற முப்பத்தொன்பது வீட்டிலும் கேட்ட அதே கேள்வி. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் முதலில் சௌமியாவைப் பார்த்தார். அப்புறம் திரும்பி அம்முவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு" என்றார்.

சௌமியா எழுந்து உட்கார்ந்தாள். எங்கள் படிவத்தின் மேலேயே அச்சடித்திருக்கிறது: பதில் சொல்பவர் சொன்னதை மட்டுமே எழுத வேண்டும். நான் இரண்டு என்று எழுதினேன்.

நூற்று எண்பத்தைந்து. இருபத்தேழால் பெருக்கினால் 4,995.

இந்த வேலை தெரிந்த யாருக்கும் தெரியும், நாற்பது வீட்டை வைத்துச் சொல்லும் எண்ணில் முந்நூறு கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். 4,995-க்கும் ஐயாயிரத்துக்கும் வித்தியாசமே கிடையாது. இதை மூன்று பக்கத்துக்குக் குறிப்பாக எழுதி வைத்தேன். மேலதிகாரி படித்தார், நல்ல மனுஷர்தான். "கூடக்குறையன்னு எழுதினா ஃபைல் எப்படி சார் நகரும்? ஒரு நம்பர் குடுங்க" என்றார். கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் நிலையம் மூடப்பட்டது. மணலி புதுநகரில் ஜனம் கூடியிருப்பதாக எங்கள் மதிப்பீடே சொன்னதால் அங்கே இன்னொரு நர்ஸ் கொடுத்தார்கள். மங்கையக்காவையும் அங்கேயே மாற்றினார்கள். நிலையத்தை மறுபடி திறக்கச் சொல்லி நான் இரண்டு மனு போட்டேன். பதில் வரவில்லை. மூன்றாவதை எழுதி மேஜையிலேயே வைத்திருந்தேன், கையெழுத்துப் போடக்கூட மனசு வரவில்லை.

போன வாரம் சாப்பாட்டு வேளையில் அக்கா போன் செய்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். சௌமியாவுக்கு எட்டாம் மாதத்தில், பரிசோதனைக்குப் போகும் வழியில், கேட்டில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தபோது வலிப்பு வந்துவிட்டது. வாரா வாரம் போக முடியவில்லை, மூன்று வாரம் தவறியிருந்தது. அவள் பிழைத்துவிட்டாள். குழந்தை ஒன்றே கால் கிலோ.

"பதினோரு நாளா கண்ணாடிப் பொட்டியில கீது சார். ஒண்ணும் சொல்ல மாட்றாங்க."

"அக்கா, அக்கா" என்றேன்.

"சார், அன்னிக்கு என் வூட்டுல எத்தினி பேரப் பாத்தீங்க?"

"நாலு பேருக்கா."

"நான் ரெண்டுன்னேன். அந்த ஜனங்கள வச்சிகினு நான் வேற இன்னா சார் சொல்லுவேன்? நீங்க நாலுன்னு எய்தியிருக்கலாமே. உங்க கையிலதான சார் பேனா இருந்துது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சண்டை போடவே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். படிவத்தில் அச்சடித்திருக்கும் அந்த வரி என் வாய்வரை வந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர், நர்ஸ் கூப்பிடுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டார்.