நான் சொல்ல வந்தது கத்திரிக்காய் அல்ல

பக்கவாதம் வந்து என் பேச்சு போனபோது எனக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் டிபன் டப்பாவை மூடப் போனேன், மூடி கையிலிருந்து நழுவி விழுந்தது. “என்னாச்சு?” என்று கேட்டார் கணவர். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

கை சீக்கிரமே சரியாகிவிட்டது. காலும் கொஞ்ச நாள் இழுத்துவிட்டு நேரானது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. மற்றவர்கள் பேசுவது எல்லாம் புரியும். நான் சொல்ல வேண்டியதும் மனதில் தெளிவாக இருக்கும். வாய்க்கு வருவதற்குள் அது வேறொன்றாகிவிடும். தண்ணீர் கேட்க நினைத்துச் ‘சாவி’ என்பேன். மதுரையில் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்ணிடம் வாரந்தோறும் போகச் சொன்னார்கள். சின்னப் பெண். பசு, குடை, வாழைப்பழம் என்று ஒவ்வொரு படமாகக் காட்டுவாள். வகுப்பில் செய்யுளை மூச்சுவிடாமல் சொன்னவள், குடைப் படத்தைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள சித்தையன்கோட்டையிலிருந்து கணவரின் அக்கா வந்து தங்கினார். கெட்டவர் இல்லை. எனக்குத் தலை வாரிவிடுவார், பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார். ஆனால் பேச முடியாதவளுக்குக் காதும் கேட்காது என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார்.

ஒருநாள் மாதா கோயிலில் பழக்கமான இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். நான் அவர்களுக்கு எதிரிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

“இனி இவ அம்புட்டுத்தான்,” என்றார் அக்கா. “வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்டோட கெடக்க வேண்டியதுதான். என் தம்பிய நெனச்சாத்தான் மனசு ஆறல. இந்த வயசுல ஊமைப் பொண்டாட்டியோட குடும்பம் நடத்தணும்னு அவன் தலையில எழுதியிருக்கு.”

‘நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்’ என்று சொல்ல எழுந்தேன். மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். கழுத்து நரம்பு புடைக்க முக்கிமுக்கிக் கடைசியில் நான் சொன்னது, “கத்திரிக்கா.”

வந்தவர்களில் ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அக்கா என் கன்னத்தைத் தடவினார். “கத்திரிக்கா கேக்குதா தாயி? செஞ்சு தாரேன்.”

அன்று மத்தியானமே கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வந்தது. சாப்பிட்டேன்.

அதற்குள் ஒவ்வொரு எழுத்தாகக் கோணல்மாணலாக எழுத வந்திருந்தது. அக்காவிடம் எழுதிக் காட்டியிருக்கலாம். எனக்கு வாயால்தான் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை எழுதி மதுரையில் பயிற்சிப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எல்லாரும் மொதல்ல பிள்ளைங்க பேரைச் சொல்லணும்னுதான் கேப்பாங்க. நீங்க என்ன மேடம் இதைக் கேக்குறீங்க?”

நான் சிரித்து வைத்தேன்.

‘நான்’ சுலபமாக வந்துவிட்டது. ‘கேட்டு’ வர ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சொல்லிப் பார்ப்பேன். ஒரு வாரம் வாயில் நிற்கும், அடுத்த வாரம் காணாமல் போகும். வராமலே இருந்தபோதுகூட அவ்வளவு அழவில்லை. வந்தது போனபோதுதான் அழுதேன்.

கைப்பேசியில் உறவினர்கள் சூரியோதயப் படங்களாக அனுப்பினார்கள், கீழே விடாமுயற்சி பற்றி நாலு வரியோடு. தெருவில் பார்ப்பவர்கள் எல்லாம் “பொறுமையா இருங்க டீச்சர்” என்றார்கள். காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாதவர்களுக்குப் பொறுமை எவ்வளவு சரளமாக வாயில் வருகிறது! கணவரோ என்னைக் காக்கவே வைக்கவில்லை. நான் தொடங்கும் ஒவ்வொன்றையும் அவரே முடித்துவிடுவார். பூக்கடையில் நான் ‘க’ என்று கனகாம்பரத்துக்குத் திணறிக்கொண்டிருக்கும்போதே, “இவளுக்கு மல்லிகைப்பூ குடுங்க” என்பார். அன்பாகத்தான். அந்தப் பூவை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

கோடையில் மதுரைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். படுத்தே கிடந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருநாள் அடுத்த அறையில் அக்கா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். “அவளே விட்டுட்டா. நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல?” அந்தக் குரலில் ஒரு திருப்தி இருந்தது.

எழுந்து குளித்தேன். தனியாகவே பேருந்து ஏறினேன். விடாமல் பயிற்சிக்குப் போனதற்கு நம்பிக்கைதான் காரணம் என்று பிறகு பலரும் என்னைப் பாராட்டினார்கள். நம்பிக்கை எப்போதோ தீர்ந்திருந்தது. என்னை எழுப்பி உட்கார வைத்தது வன்மம். அது ஒருநாளும் சோர்ந்து போகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வீடு நிறைய உறவுகள். சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அக்கா யாரிடமோ, “இவளுக்கு என்ன தெரியுது, போட்டதத் தின்னுட்டு உக்காந்திருக்கா,” என்றார். நான் நிமிர்ந்தேன்.

“நான்... கேட்டுக்கிட்டுத்தான்... இருக்கேன்.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு அக்கா ஓவென்று அழுதபடி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

“மாதாவே! பேசிட்டா! எல்லாம் வாங்கப்பா, இவ பேசிட்டா! இன்னொரு தடவ சொல்லு தாயி!”

யாரோ கைப்பேசியை என் வாய்க்கு நேராக நீட்டிப் படம் பிடித்தார்கள். குழந்தையிடம் பாட்டுப் பாடச் சொல்வதுபோல் வருகிறவர்களுக்கெல்லாம் என்னை அதைச் சொல்லிக்காட்டச் சொன்னார்கள். என்னத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கணவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் புரிந்திருக்கலாம்.

அத்தனை காலம் பாடுபட்டுத் தீட்டிய கத்தி, பட்டவருக்கே தெரியாமல் போய்விட்டது.

இப்போது பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். வகுப்பு தரவில்லை. “உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்” என்று நூலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கே பேச வேண்டிய வேலையே இல்லை. சனிக்கிழமைகளில் மதுரைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் நடத்துநர் எங்கே போகணும் என்று கேட்டார். “ஆ... ஆர...” என்று தொடங்கினேன். பின்சீட்டுக்காரர் உதவிக்கு வந்தார். “மதுரை ஆரப்பாளையம் குடுங்கண்ணே, பாவம், அவங்களுக்குப் பேச வராது.”

நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். நான் வாங்கவில்லை. நானே சொல்லி முடிக்கும்வரை அவரை நிற்க வைத்தேன்.