நாச்சியாரம்மா கேட்ட இரண்டாவது கிளாஸ்

கொட்டகலையில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். டிக்கெட்கூட எடுக்கவில்லை, போன் அடித்தது. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பச்சையம்மா. தேயிலைக் கொழுந்து எடுக்கிற நேரத்தில் அவர் யாருக்கும் போன் செய்பவர் அல்ல. "டீச்சர், நாச்சியாரம்மா போயிட்டாங்க. டிக்கோயா ஆஸ்பத்திரியிலதான்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அடுத்ததையும் சொன்னார். "இந்தியாவுலேருந்து அவங்க அண்ணன் மகன் வர்றாராம். அரண்மனைக்கே கொண்டு போயிருவாராம். விட்டுருவீங்களா டீச்சர்?"

நான் யார் விடுவதற்கும் பிடிப்பதற்கும்? வீட்டில் வைத்துச் சிங்களம் சொல்லிக்கொடுக்கிற டியூஷன் டீச்சர். பிரதேச சபையில் அம்மாவுக்கு மொழிபெயர்க்கப் போனவள். இருந்தாலும் அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது. ஹட்டன் வரும்வரை பஸ்ஸிலேயே அழுதேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒன்றும் கேட்காமல் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சௌந்தரவல்லி நாச்சியார் என்ற முழுப்பெயர் தேர்தல் சுவரொட்டியில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் நாச்சியாரம்மா. மதுரைக்குத் தெற்கே ஒரு சின்னச் சமஸ்தானம் அவர்களுடையது. ராஜ்யம் போய் அரண்மனை மட்டும் மிஞ்சியிருந்த காலத்தில் பிறந்தவர். அப்பா ராஜா, பிறகு சட்டசபை உறுப்பினர். சிறுமியாக இருந்தபோதே அப்பாவின் ஜீப்பில் ஓட்டுக் கேட்கப் போயிருக்கிறார். "எங்கப்பா ஓட்டே கேக்க மாட்டார், டீச்சர். ஜீப்பை விட்டு இறங்கி நிப்பார். ஜனங்க கும்பிடும். பிரசாரம் முடிஞ்சுது" என்று சொல்லிச் சிரிப்பார்.

திருச்சியில் கல்லூரிக்குப் போன இடத்தில் எங்கள் ஹட்டன் பிள்ளை ஒருவரைக் காதலித்தார். தோட்டத்தில் பிறந்து, படிக்கப்போய், பின்னாளில் தொழிற்சங்க வழக்குகளுக்கு வக்கீலாக நின்றவர் அவர். கல்யாணச் செய்தி போனதும் அரண்மனை கதவைச் சாத்தியது. அம்மா கப்பலோ விமானமோ ஏதோ ஒன்றில் ஏறி ஹட்டனுக்கு வந்துவிட்டார்.

எங்கள் சனங்களுக்கு இது விளங்கவே இல்லை. குடியுரிமை இல்லையென்று எங்கள் சொந்தபந்தங்களை ரயிலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியதைப் பலர் இன்னும் மறக்கவில்லை. என் பெரியம்மா குடும்பமும் அப்படிப் போனதுதான். அந்த ரயில் போன திசையிலிருந்து ஒரு ராஜா மகள் எதிரே வருகிறார் என்றால், ஏன்? எனக்கும் அதே கேள்விதான். நான் கொஞ்சம் துருவுகிற ஆள். எத்தனையோ தடவை கேட்டேன். ஒரு தடவை "குளிர் பிடிச்சுது" என்றார். இன்னொரு தடவை "எங்க ஊட்டுக்காரர் பொய் சொல்லிக் கூட்டியாந்துட்டார், பங்களா இருக்குன்னார்" என்றார். பத்திரிகைக்காரர்களிடம் வேறு பதில். ஆளுக்கொரு பதில் கையிருப்பில் வைத்திருந்தார்.

கணவர் காலமான பிறகு சங்கத்துக்காரர்கள் வந்து, அவர் இடத்தில் நீங்கள் பிரதேச சபைக்கு நிற்க வேண்டும் என்றார்கள். நின்றார். அந்த முதல் பிரசாரத்தில் நானும் கூடப் போனேன். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம், கீழ்ப்பிரிவு லயம், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். மலைச்சரிவு வந்து கூரையைத் தொடுகிற இடம். மழை பெய்தால் அங்கே யாரும் படுப்பதில்லை, பிள்ளைகளோடு கோயிலில் போய் உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாரும் அந்தச் சரிவைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள்.

முதல் வீடு பச்சையம்மாவுடையது. வாசலிலேயே கேட்டுவிட்டார். "எங்களையெல்லாம் இந்தியாவுக்குப் போ போன்னாங்க. நீங்க ஏம்மா அங்கேருந்து இங்க வந்தீங்க?"

அம்மா சிரித்தார். உள்ளே அழைத்து, ஒரு கையில் கிளாஸ் நிறையப் பிளேன்டீயும் உள்ளங்கையில் சீனியும் கொடுத்தார்கள். சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டு தேத்தண்ணி குடிப்பது எங்கள் பழக்கம். அம்மா கிளாஸை வாங்கினார், மரியாதையாகப் பிடித்துக்கொண்டார், குடிக்கவில்லை. வீட்டுக்காரர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவரும் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் பேசி முடித்து, ஆறிப்போன கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். அடுத்த வீட்டிலும் அப்படியே. கையில் சீனி கரைந்து பிசுபிசுத்ததுதான் மிச்சம்.

மலையில் செய்தி போவதற்குக் கால் வேண்டாம். ராணியம்மா நம்ம கையால தேத்தண்ணி குடிக்க மாட்டாங்களாம் என்று மறுநாளே எல்லாத் தோட்டத்திலும் பேச்சு. எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சாதியைச் சொல்லியே பேசினார்கள். அம்மா தோற்றார். கொஞ்சநஞ்சமல்ல, நன்றாகவே தோற்றார்.

தேர்தல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சையம்மா ஹட்டனில் அம்மாவின் வீட்டுக்கே வந்து நின்றார். நான் அங்கேதான் இருந்தேன். "ஓட்டுக் கேக்க வந்த வாயி, தேத்தண்ணிக்கு ஏம்மா தொறக்கல? நாங்க என்ன குறைஞ்சு போனோம்?" என்று நேரே கேட்டார். அந்தக் குரலில் இருந்த கோபத்துக்கு நான் பயந்துபோனேன்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க யாரும் குடிக்கலையேம்மா! நான் எப்படிக் குடிக்கிறது?" என்றார்.

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. ஏதோ ஒரு பஞ்ச காலத்தில் அவர்களுடைய முன்னோர் ஒருவர் வைத்த நோன்பாம் அது. ஊருக்குள் போனால் ஊர்ச்சனம் ஒரு வாய் குடித்த பிறகுதான் அரண்மனைக்காரர்கள் வாயில் வைக்க வேண்டும். அப்பா பின்பற்றினார், மகளும் பின்பற்றினார். எங்கள் பக்கமோ, வந்த விருந்தாளி குடிக்காமல் வீட்டுக்காரர் தொடமாட்டார். இவர் அவர்களுக்காகக் காத்திருக்க, அவர்கள் இவருக்காகக் காத்திருக்க, ஒரு தேர்தலே ஆறிப்போயிருக்கிறது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பச்சையம்மா என்னை முறைத்தார், பிறகு அவரே சிரித்துவிட்டார். "சரி, ரெண்டு கிளாஸ் கொண்டாங்க. ஒண்ணாவே குடிப்போம்" என்றார். சீனியை அம்மாவின் கையில் கொட்டி, தன் கையிலும் கொட்டிக்கொண்டு, "ம்... தூக்குங்கம்மா" என்றார். இருவரும் ஒரே நேரத்தில் வாயில் வைத்தார்கள்.

அதன்பிறகு எந்த லயத்துக்குப் போனாலும் அம்மாவுக்கு முன்னால் இரண்டு கிளாஸ் வரும். வீட்டில் யாராவது ஒருவர் எதிரில் உட்கார வேண்டும். "தூக்குங்கம்மா" என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் அந்த வேலைக்குச் சண்டை போடுவார்கள். அடுத்த தேர்தலில் ஜெயித்தார்.

சபையில் பெரும்பாலும் சிங்களம்தான். அம்மா தமிழில் காரமாகப் பேசுவார், நான் கொஞ்சம் காரத்தைக் குறைத்துச் சொல்லுவேன். ஒரு நாள் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார். "நான் பேசினது இவ்ளோ நீளம். நீங்க சொன்னது இவ்ளோ குட்டை. நடுவுல என்னத்த டீச்சர் முழுங்கினீங்க?" அந்த வாரமே என்னிடம் சிங்களம் படிக்கத் தொடங்கினார். நான் பார்த்த மாணவர்களிலேயே மோசமான உச்சரிப்பு அவருடையது. அதை வைத்துக்கொண்டு கூச்சமே இல்லாமல் சபையில் சண்டை போட்டார். சபைத் தலைவரான தவிசாளர் சிரித்துவிட்டு, கேட்டதில் பாதியாவது செய்துகொடுப்பார்.

ஆனால் அவர் மனசு முழுக்க அந்தக் கீழ்ப்பிரிவுச் சரிவில்தான் இருந்தது. அந்தக் குடும்பங்களை வேறிடத்தில் குடியேற்ற, தோட்ட நிர்வாகம் நிலம் விட வேண்டும். கேட்பதற்காக, நாங்கள் துரை என்று சொல்லும் தோட்ட மேனேஜரின் பங்களாவுக்குப் போனோம். பச்சையம்மாவும் லயத்துப் பெண்கள் சிலரும் கூட வந்தார்கள். அவர்கள் வழக்கம்போல வெளியே படியோரம் நின்றுகொண்டார்கள். ராஜ குடும்பத்துப் பெண் என்று கேள்விப்பட்டிருந்த துரை, அம்மாவுக்கு நல்ல நாற்காலி போட்டு, பீங்கான் கோப்பையில் பால் தேநீர் வரவழைத்தார். அம்மா வாங்கி மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். துரை "குடியுங்கள்" என்றார். அம்மா தலையாட்டினார், குடிக்கவில்லை. அவர் மழை நிலவரம் பேசினார், விலை நிலவரம் பேசினார். கோப்பையில் ஆடை படர்ந்தது. துரை பொறுக்க முடியாமல், "தேநீரில் ஏதாவது குறையா?" என்று கேட்டார்.

"ஒரு குறையும் இல்ல. அவங்க குடிச்சதும் நான் குடிப்பேன்" என்று வாசல் பக்கம் கையைக் காட்டினார் அம்மா. இதை நான் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன்.

அந்த பங்களாவில் கொழுந்தெடுக்கிறவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் கோப்பை வந்தது. பச்சையம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, குரலே எழும்பாமல் "தூக்குங்கம்மா" என்றார். நிலப் பேச்சு அதற்குப் பிறகுதான் ஆரம்பமானது. அன்றைக்கே முடிந்துவிடவும் இல்லை. எத்தனையோ அலுவலகம், எத்தனையோ கையெழுத்து, நடுவே ஒரு துரை மாறி இன்னொரு துரை. ஆனாலும் மேட்டுப் பக்கத்தில் இடம் கிடைத்து, வீடு எழும்பி, கடைசிக் குடும்பமும் குடிபோனது.

இதில் ஒரு வேடிக்கை. புதிய வீடுகள் அடுத்த வட்டாரத்துக்குள் போய்விட்டன. அங்கே குடிபோனவர்களின் ஓட்டும் அவர்களோடு போயிற்று. அடுத்த தேர்தலில் அம்மா தோற்றார். "எனக்கு ஓட்டுப் போட்டவங்களையெல்லாம் நானே வண்டியில ஏத்தி அனுப்பிச்சேனே, டீச்சர்!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு வந்த ஒரு மழைக்கு அந்தச் சரிவு இறங்கியது. பழைய லயம் இருந்த இடம் தெரியவில்லை. உள்ளே யாரும் இல்லை. செய்தி வந்தபோது அம்மா சிரிக்கவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, மனசு கேட்காமல் மறுபடியும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஏன் வந்தீர்கள்? இந்தத் தடவை விளையாடவில்லை. "வந்தது அவருக்காக. இருந்தது பச்சையம்மாவுக்காக. எங்க அரண்மனையில என்னை யாரும் கேள்வி கேட்டதில்ல, டீச்சர். கும்பிட்டுட்டுப் போயிருவாங்க. ஏன் குடிக்கலன்னு வீடு தேடி வந்து கேட்டது அவங்க ஒருத்திதான்."

அம்மாவின் உடலைப் புதிய வீடுகளுக்கு நடுவே இருக்கிற பொது மண்டபத்தில் வைத்திருந்தோம். அண்ணன் மகன் மறுநாள் வந்தார். நல்ல மனிதர், அதுதான் சங்கடம். "எங்கப்பா கதவைச் சாத்தினார். அதைத் திறக்கிறதுக்குத்தான் வந்திருக்கேன். குடும்பத்து நந்தவனத்துல அத்தைக்கு இடம் ஒதுக்கியாச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். இரத்த சம்பந்தம் அவருக்கு, எங்களுக்கு என்ன இருக்கிறது? எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சொல்ல ஒரு நியாயமும் கிடைக்கவில்லை.

வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். அவருக்கும் ஒரு கிளாஸ் வந்தது, கையில் சீனியும் வந்தது. வாங்கினார். மரியாதையாகப் பிடித்துக்கொண்டார். குடிக்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

யாரோ ஒரு பெண் விசும்பினார். பச்சையம்மா எழுந்துபோய் இன்னொரு கிளாஸ் எடுத்து வந்து அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "தம்பி, நீங்க எங்களுக்காகப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. நாங்க ஒங்களுக்காகப் பாத்துக்கிட்டு இருக்கோம். இதுல ஒரு தடவ ஒங்க அத்தையையே தோக்கடிச்சிட்டோம்" என்று முழுக் கதையையும் சொன்னார். பிறகு கிளாஸை உயர்த்தி, "தூக்குங்க தம்பி" என்றார்.

அவரும் நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கி உட்கார்ந்து குடித்தார். குடித்து முடித்து, காலிக் கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுல இந்த நோன்பு மட்டும்தான் மிச்சம். அதை இவங்க எங்கே கொண்டுவந்து வச்சாங்கன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு" என்றார். பிறகு பச்சையம்மாவிடம் கேட்டார்: "நீங்க எங்க அடக்கம் பண்றதா இருந்தீங்கம்மா?"

பச்சையம்மா வெளியே கை நீட்டிக் காட்டினார். புதிய வீடுகளுக்கு மேலே, சரியாத மண். அங்கேதான் அம்மாவை அடக்கம் செய்தோம். முதல் பிடி மண் அண்ணன் மகன் போட்டார்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். மண்மேட்டருகே இரண்டு கிளாஸ் தேத்தண்ணி வைத்திருந்தார்கள். ஆவி இன்னும் போய்க்கொண்டிருந்தது. கீழே வீடுகளில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த பொட்டலத்தைப் பிரித்துக் கொஞ்சம் சீனியை மண்ணில் போட்டு, மிச்சத்தை என் கையில் கொட்டிக்கொண்டேன். போய் வாருங்கள் அம்மா, இங்கே இனி உங்களை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று சொல்ல நினைத்தேன். அது பொய். இந்தச் சனம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், நீங்களும் ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டே இருங்கள்.

ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டேன். "தூக்குங்கம்மா" என்றேன்.